'ஆன் தி கிரவுண்ட் தட்': நாலு ஆங்கிலச் சொற்களில் 26 ஆண்டுகள் மாட்டிக்கொண்ட ஒரு சட்டப்பிரிவு

ஆபீஸ் மெயில் படிப்பவர்களுக்கு 'ஆன் தி கிரவுண்ட் தட்' புதுசு இல்லை. லோன் அப்ளிகேஷனைத் தள்ளுபடி செய்து பேங்க் அனுப்பும் கடிதத்தில் இருக்கும். தகவல் தர மறுக்கும் ஆர்.டி.ஐ. பதிலில் இருக்கும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போட்டுக் கை சுட்டுக்கொண்டவர்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். 'இன்ன காரணத்தால்' என்பதுதான் பொருள். 'பிகாஸ்' என்று எழுதினால் ஸ்கூல் காம்போசிஷன் மாதிரி இருக்குமோ என்று கூச்சப்பட்டு, அந்த இடத்தில் இதைப் போடுகிறவர்களும் உண்டு.

மெயிலில் தப்பாகப் போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. மேனேஜர் ஒரு முறை முகம் சுளிப்பார், அவ்வளவுதான். ஆனால் இதே நாலு சொற்களை 1989-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டப்பிரிவில் எழுதியது. அந்தப் பிரிவு நடைமுறையில் இருந்த 26 ஆண்டுகளில், அடிபட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதில் சந்தேகமே இல்லாத வழக்குகளில்கூட, இந்த நாலு சொல்லைத் தாண்ட முடியாமல் தண்டனைகள் ரத்தாகின. கடைசியில் நாடாளுமன்றமே உட்கார்ந்து அந்தத் தொடரை அடித்துவிட்டு வேறொன்றை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் இலக்கணம்

பின்னால் 'தட்' வந்தால் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும். 'ஆஃப்' வந்தால் ஒரு பெயர்ச்சொல் போதும். 'ரிஜெக்டட் ஆன் தி கிரவுண்ட் தட் தி ஃபார்ம் வாஸ் இன்கம்ப்ளீட்' சரி. 'ஆன் தி கிரவுண்ட் ஆஃப் ஏஜ்' சரி. 'ஆன் தி கிரவுண்ட் ஆஃப் ஹி இஸ் ஓவர் ஏஜ்' தப்பு. 'ஆன் தி கிரவுண்ட் பிகாஸ்' என்று சிலர் எழுதுவார்கள். 'காரணத்தால் ஏனென்றால்' என்பது மாதிரி. ஒன்றை எடுத்துவிடலாம்.

'கிரவுண்ட்' ஒருமையா, 'கிரவுண்ட்ஸ்' பன்மையா? ரெண்டும் சரிதான். பேச்சிலும் செய்தியிலும் பன்மை அதிகம். லீவ் லெட்டரில் 'ஆன் மெடிக்கல் கிரவுண்ட்ஸ்' என்று பன்மையில்தான் எழுதுவோம், ஒரே ஒரு காய்ச்சல்தான் என்றாலும். இந்தியச் சட்டங்கள் ஒருமை, பன்மை ரெண்டையும் பயன்படுத்துகின்றன. 'தட்', 'ஆஃப்' எதுவும் இல்லாமல் 'ஆன் தி கிரவுண்ட்' என்று நிறுத்தினால் அர்த்தமே மாறிவிடும். அது 'களத்தில்'.

இதுவரை எந்த கிராமர் புத்தகமும் சொல்லும். கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியது அடுத்தது. 'பிகாஸ்' எதற்கும் வரும். டயர் பஞ்சரானதால் பஸ் லேட், மழை பெய்ததால் ரோடு ஈரம், எல்லாவற்றுக்கும் 'பிகாஸ்' போடலாம். 'ஆன் தி கிரவுண்ட் தட்' அப்படி வராது. பஸ் 'ஆன் தி கிரவுண்ட் தட்' டயர் பஞ்சர் லேட்டாக வந்தது என்று யாரும் எழுதுவதில்லை. ஒரு மனிதரோ அமைப்போ ஒன்றை முடிவு செய்கிறது, மறுக்கிறது, வாதிடுகிறது, புகார் செய்கிறது. அதற்கு ஒரு காரணத்தை மனதில் வைத்திருக்கிறது அல்லது வெளியில் சொல்கிறது. அந்தக் காரணத்தைச் சுட்டத்தான் இந்தத் தொடர். பஸ்ஸுக்கு மனசு கிடையாது. அதனால் பஸ்ஸுக்கு 'கிரவுண்ட்' கிடையாது.

அதாவது, இந்தத் தொடரை எழுதிய உடனேயே ஒரு ஆளின் மண்டைக்குள் இருந்த காரணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். மெயிலில் இது பிரச்சனையே இல்லை, தள்ளுபடி செய்தவரே காரணத்தையும் எழுதிவிடுகிறார். குற்ற வழக்கில்? குற்றவாளி எந்தக் காரணத்துக்காக அடித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்.

காட்டுமன்னார்கோயில்காரர் ஒருவர்

சாதிக் கொடுமைக்கு எதிரான சட்டங்களின் கதையில் கடலூர் மாவட்டத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. காட்டுமன்னார்கோயில் பகுதியில் 1924-ல் பிறந்தவர் எல். இளையபெருமாள். பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்த மாணவர் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. 1952-ல் முதல் மக்களவைக்கே கடலூரிலிருந்து போனவர். பிறகு சிதம்பரத்திலிருந்தும் எம்.பி. ஆனார்.

அவர் எம்.பி.யாக இருந்த அந்த முதல் மக்களவையின் காலத்தில்தான் 1955-ன் தீண்டாமை குற்றங்கள் சட்டம் வந்தது. கோயிலுக்குள் விட மறுப்பது, கடையில், கிணற்றில், குளத்தில் தடுப்பது எல்லாம் குற்றம். ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நிபந்தனை: அது 'ஆன் தி கிரவுண்ட் ஆஃப் அன்டச்சபிலிட்டி', தீண்டாமையின் காரணமாக, நடந்திருக்க வேண்டும். சரி, டீக்கடைக்காரர் "தீண்டாமையா? சேச்சே, கடை மூடுற நேரம், அதான் தரல" என்று சொன்னால்?

இந்தக் கேள்வி வரும் என்று 1955-ல் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் 12-வது பிரிவு என்று ஒன்றைச் சேர்த்தார்கள். சட்டம் தடுக்கும் செயல் ஒன்று பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராக நடந்திருந்தால், அது தீண்டாமையின் காரணமாகத்தான் நடந்தது என்று கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால், இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. காரணம் யார் மண்டைக்குள் இருக்கிறதோ, அவரே வந்து சொல்லட்டும் என்ற நியாயம். பழைய சட்டம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அது பின்னால் வந்ததைவிடப் புத்திசாலித்தனமானது.

1965-ல் மத்திய அரசு தீண்டாமையையும் பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி நிலையையும் ஆராய ஒரு குழு போட்டது. தலைவர் இளையபெருமாள். 1969-ல் அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்துதான் 1955 சட்டம் 1976-ல் கடுமையாக்கப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயரும் மாறியது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்ற அதன் பரிந்துரை தமிழ்நாட்டில் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகும் சட்டத்திருத்தத்துக்கு ஒரு தூண்டுதல்; அது தனிக் கதை, சுப்ரீம் கோர்ட் வரை போன கதை. சிதம்பரத்தில் 2025 ஜூலையில் அவருக்கு நூற்றாண்டு நினைவரங்கம் திறக்கப்பட்டது. பிறந்த ஊர்ப் பக்கமான காட்டுமன்னார்கோயில் இன்று தனித் தொகுதி. 2016 சட்டமன்றத் தேர்தலில் தொல். திருமாவளவன் 87 ஓட்டில் தோற்ற தொகுதி என்று சொன்னால் பலருக்கு உடனே ஞாபகம் வரும்.

1989-ல் என்ன ஆச்சு?

தீண்டாமை என்பது டீக்கிளாஸ், கிணறு, கோயில் வாசலோடு நிற்பதில்லை. கொலை, பாலியல் வன்கொடுமை, தீவைப்பு என்று போகும்போது 1955 சட்டம் போதவில்லை. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது, 1990 ஜனவரி 30 முதல் அமல். அதில் மிகக் கனமான பிரிவுகளில் ஒன்று 3(2)(5). பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள ஐ.பி.சி. குற்றம் ஒன்றை, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் மீது, அவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்ற காரணத்தால் செய்தால், ஆயுள் தண்டனை. அந்த 'என்ற காரணத்தால்' இருக்கிறதே, அங்கேதான் 'ஆன் தி கிரவுண்ட் தட்'.

1955-ல் இருந்த 12-வது பிரிவு மாதிரி, காரணம் சாதிதான் என்று கோர்ட் எடுத்துக்கொள்ள வழி செய்யும் ஏற்பாடு இதில் இல்லை. தொடர் மட்டும் வந்தது, அதற்குத் துணையாக இருந்த ஏற்பாடு வரவில்லை. அரசுத் தரப்புதான் குற்றவாளியின் மனதுக்குள் போய்க் காரணத்தை எடுத்து வந்து காட்ட வேண்டும்.

விளைவு தீர்ப்புகளில் தெரிகிறது. 2006-ல் ராஜஸ்தானில் ஒரு சிறுமி மீதான பாலியல் வன்கொடுமை வழக்கில், சாதியின் காரணமாகத்தான் குற்றம் நடந்தது என்பதற்குச் சாட்சி இல்லை என்று சொல்லி, 3(2)(5) பொருந்தாது என்றது சுப்ரீம் கோர்ட். அதே ஆண்டு மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதிப் பெண் என்பது மட்டும் போதாது என்றது.

2019 ஆகஸ்டில் வந்த மத்தியப் பிரதேச வழக்குதான் இதில் உச்சம். வயலில் மாடு புகுந்த தகராறு. மாட்டை விரட்டியவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். நீ இன்ன சாதி, தாக்கூர் ஆள் மாட்டை எப்படி விரட்டலாம் என்று திட்டிவிட்டுத் தாக்கியதில் அவர் செத்துப்போனார் என்பது வழக்கு. சாதிப் பெயர் வாயில் வந்திருக்கிறது. ஆனாலும், அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தால் 'மட்டுமே' குற்றம் நடந்தது என்பதற்குச் சாட்சி இல்லை என்று அந்தப் பிரிவின் கீழான தண்டனை ரத்தானது.

இந்த 'மட்டும்' எங்கிருந்து வந்தது? சட்டத்தில் தேடிப்பாருங்கள், இருக்காது. 'ஆன் தி கிரவுண்ட் தட்' என்றுதான் இருக்கிறது. 'ஒன்லி' இல்லை.

'ஒன்லி' எழுதத் தெரியாதவர்களா?

இந்தியச் சட்டம் எழுதுகிறவர்களுக்கு 'ஒன்லி' போடத் தெரியாது என்று சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 15-வது பிரிவு, மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் அடிப்படையில் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அதில் 'ஆன் கிரவுண்ட்ஸ் ஒன்லி ஆஃப்' என்று, 'ஒன்லி'யோடு எழுதியிருக்கிறார்கள். 16(2)-லும் அப்படித்தான். அரசுக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய 29(2)-லும் அப்படித்தான்.

அந்த 29(2) தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த பிரிவு. 1951 ஏப்ரல் 9-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் மெட்ராஸ் மாகாணத்தின் கம்யூனல் ஜி.ஓ.வை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது இதை வைத்துத்தான். 14 சீட்டில் யாருக்கு எத்தனை என்று பிரித்துக்கொடுத்த ஆணை அது. பிராமணர் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லாமல் சீட் மறுக்கப்படுகிறது, ஆகவே 'ஒன்லி' பொருந்துகிறது என்பது கோர்ட்டின் கணக்கு. தமிழ்நாடே கொதித்தது, அதே ஆண்டு ஜூனில் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது, இட ஒதுக்கீட்டுக்கு வழி விட்டது. ஒரு 'ஒன்லி' என்ன செய்யும் என்று அப்போதே பார்த்தாயிற்று.

ஆக, 1950-ல் தேவைப்பட்ட இடத்தில் 'ஒன்லி' எழுதினார்கள். 1989-ல் எழுதவில்லை. எழுதாத சொல்லைத் தீர்ப்பில் சேர்த்து வாசித்தால், சட்டம் கேட்காத சாட்சியைப் பாதிக்கப்பட்டவரிடம் கேட்பதாகிவிடும்.

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வந்தது. அங்கே 1964-ன் குடிமை உரிமைச் சட்டம், ஒருவரின் பாலினம் 'காரணமாக' வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. அங்கே இருக்கும் தொடர் 'பிகாஸ் ஆஃப்'. 2020 ஜூன் 15-ல் போஸ்டாக் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 6-3 என்று தீர்ப்புச் சொன்னது. தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் என்பதற்காக வேலையை விட்டு எடுப்பதும் பாலினம் காரணமாக எடுப்பதுதான் என்பது முடிவு. தீர்ப்பை எழுதிய நீதிபதி நீல் கோர்சச், ஒரு நிகழ்வுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கலாம் என்றார். அந்த ஒரு காரணத்தை எடுத்துவிட்டால் விளைவு மாறியிருக்குமா என்று பார்த்தால் போதும். 'சோல்லி', அதாவது 'மட்டுமே', என்று போட நாடாளுமன்றம் நினைத்திருந்தால் போட்டிருக்கும், போடவில்லை என்றும் சுட்டிக்காட்டினார். கோர்சச் பழமைவாத நீதிபதி என்று பெயர் எடுத்தவர். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசி என்பதுதான் அவர் வழி, அந்த வழி அவரை இங்கே கொண்டுவந்து விட்டது.

வாய்க்கால் தகராறும் சாதியும்

'மட்டும்' ஏன் இவ்வளவு கஷ்டம்? ஒரு கற்பனைச் சம்பவம். வீராணம் பாசனத்தில் ஒரு கிராமம். மடையில் யார் முதலில் தண்ணீர் திருப்புவது என்று ரெண்டு பேருக்குத் தகராறு. ஒருவர் ஊர்த்தெரு, ஒருவர் காலனி. வாய்ப்பேச்சு முற்றுகிறது. "உங்களுக்கெல்லாம் இவ்வளவு திமிரா" என்று தொடங்கிச் சாதிப் பெயர் வருகிறது. மண்வெட்டி ஓங்கப்படுகிறது.

இது தண்ணீர்த் தகராறா, சாதித் தகராறா? 'மட்டும்' போட்டுக் கேட்டால் பதில் சுலபம்: தண்ணீர்த் தகராறு. தண்ணீர் இல்லாவிட்டால் சண்டையே இல்லையே. ஆனால் எதிரில் நின்றவர் சொந்தத் தெரு ஆளாக இருந்திருந்தால் மண்வெட்டி அவ்வளவு சுலபமாக எழும்பியிருக்குமா? கிராமத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் பதில் தெரியும். சாதி தனியாக, கையில் போர்டு பிடித்துக்கொண்டு வருவதில்லை. நிலத்தகராறு, கூலித்தகராறு, காதல், திருவிழா, கபடி மேட்ச் என்று எதற்குள்ளாவது புகுந்துதான் வரும்.

2021 ஏப்ரல் 27-ல் நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு இதைத்தான் பேசியது. ஆந்திராவில் பிறவியிலேயே பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம்பெண் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கு. அவர் மீது குற்றம் நடந்தது பெண் என்பதாலா, பார்வை இல்லாததாலா, சாதியாலா? மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எடைபோட முடியாது, ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் ஒருவரை ஆபத்தில் நிறுத்துகின்றன என்றது கோர்ட். சாதியால் மட்டுமே நடக்கவில்லை என்று சொல்லிச் சட்டத்தின் பாதுகாப்பை மறுப்பது சமூகம் எப்படி இயங்குகிறது என்பதையே மறுப்பது என்றது.

இவ்வளவு சொல்லிவிட்டு அந்த வழக்கில் கோர்ட் என்ன செய்தது? பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. 3(2)(5)-ன் கீழான தண்டனையை ரத்து செய்தது. சாதியும் ஒரு காரணம் என்று காட்ட, அரசுத் தரப்பு தனியாக எந்தச் சாட்சியத்தையும் வைத்திருக்கவில்லை. சம்பவம் நடந்தது 2011-ல். அப்போது சட்டத்தில் இருந்தது பழைய தொடர்.

இப்போது என்ன இருக்கிறது?

2015-ன் திருத்தச் சட்டம் 2016 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்தது. 3(2)(5)-ல் 'ஆன் தி கிரவுண்ட் தட்' போய், 'நோயிங் தட்' வந்தது. அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் 'என்று தெரிந்தே' குற்றம் செய்திருந்தால் போதும். ஏன் செய்தார் என்ற கேள்வி போய், தெரியுமா தெரியாதா என்ற கேள்வி வந்துவிட்டது.

கூடவே 8-வது பிரிவில் இன்னொன்றும் சேர்த்தார்கள். குற்றம்சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், அவருடைய சாதியும் தெரியும் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரியாது என்றால் அவர் நிரூபிக்கட்டும். ஊரில் எந்தத் தெருவில் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்த நாட்டில் இது நியாயமான அனுமானம். 1955-ன் 12-வது பிரிவில் இருந்த யோசனைதான் இது. திரும்பி வர அறுபது ஆண்டு.

எல்லாம் சரியாகிவிட்டதா? பாதிதான். 2016 ஜனவரி 26-க்கு முன்னால் நடந்த குற்றங்களுக்குப் பழைய தொடர்தான் பொருந்தும். குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டத்தை வைத்துத்தான் தண்டிக்க முடியும் என்பது அரசியலமைப்பின் 20-வது பிரிவு. அதில் கை வைக்கவும் கூடாது.

இன்னொரு இடம் அவமதிப்புப் பிரிவு. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், தாழ்வுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது குற்றம் என்கிறது 3(1)(ஆர்). இதில் 'ஆன் தி கிரவுண்ட் தட்' எழுதப்படவே இல்லை. ஆனாலும் 2020 நவம்பரில் உத்தராகண்ட் வழக்கு ஒன்றில், பாதிக்கப்பட்டவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்ற காரணத்துக்காகத் தாழ்வுபடுத்தும் நோக்கம் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் வாசித்தது. அது ஒரு சொத்துத் தகராறு, அதுவும் வீட்டின் நாலு சுவருக்குள் நடந்தது என்பதும் அந்தத் தீர்ப்பில் சேர்ந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த இன்னொரு தீர்ப்பும் அதே வழியில் போனது. பொய் வழக்குகளைத் தடுக்க இப்படி ஒரு வடிகட்டி வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் 'தாழ்வுபடுத்தும் நோக்கம்' என்ற வடிகட்டி ஏற்கெனவே அந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. ரெண்டாவது வடிகட்டியைப் போடுவது என்றால் நாடாளுமன்றம் போடட்டும்.

தமிழில் எழுதும்போது

இதெல்லாம் ஆங்கிலச் சிக்கல், தமிழில் எழுதினால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். தமிழில் இன்னும் வழுக்கும்.

'சாதிக்காக அடித்தார்கள்' என்பதற்கும் 'சாதிக்காகவே அடித்தார்கள்' என்பதற்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்து. அந்த 'ஏ' என்ன வேலை செய்கிறது? நன்னூல் ஏகாரத்துக்கு ஆறு பொருள் சொல்கிறது. அதில் ஒன்று பிரிநிலை, இன்னொன்று தேற்றம். பிரிநிலை என்றால் மற்றதையெல்லாம் விலக்கி இதை மட்டும் தனியே பிரிப்பது. தேற்றம் என்றால் உறுதியாகச் சொல்வது. 'சாதிக்காகவே' என்று எழுதுகிறவர் பெரும்பாலும் உறுதிக்காக எழுதுகிறார். வாசிக்கிறவர் பிரிநிலையாக எடுத்துக்கொண்டால் 'சாதிக்காக மட்டுமே' ஆகிவிடும். யாரும் போடாத 'ஒன்லி' உள்ளே வந்துவிடும்.

இதைவிட மோசம், 'என்ற ஒரே காரணத்துக்காக'. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகத் தாக்கப்பட்டார். தலித் என்ற ஒரே காரணத்துக்காக நாற்காலி மறுக்கப்பட்டது. செய்தியில், ஃபேஸ்புக் போஸ்ட்டில், மேடையில், எங்கும் இதே தொடர். எழுதுகிறவருக்கு நல்ல எண்ணம்தான், கோபமும் உண்மைதான். ஆனால் இதே தொடர் போலீஸ் புகாரில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் வேலை பாதி முடிந்தது. "ஒரே காரணம்னு சொல்றீங்க, அதுக்கு முன்னாடி மடைத் தகராறு இருந்துச்சா இல்லையா?" இருந்தது என்று சொன்ன நிமிஷமே 'ஒரே' பொய்யாகிவிடும். அதோடு சேர்ந்து மற்றதும் பொய் போலத் தோன்ற ஆரம்பிக்கும். செய்தியில் எழுதுகிறவர்கள் 'ஒரே'வை எடுத்துவிட்டு 'என்ற காரணத்துக்காக' என்று நிறுத்தினால் கோபம் ஒன்றும் குறைந்துவிடாது.

புகார் மனு எழுதுவது வேறு வேலை. 2016-க்குப் பிறகான சம்பவம் என்றால், 3(2)(5)-ஐப் பொறுத்தவரை மனதுக்குள் இருந்த காரணத்தை மனுவில் நிரூபிக்கத் தேவையில்லை. தெரியும் என்பதைக் காட்ட வேண்டும். ரெண்டு பேரும் எத்தனை வருஷமாக ஒருவரை ஒருவர் அறிவார்கள், ஒரே ஊரா, முன்பு வேலைக்குப் போயிருக்கிறாரா, பேர் சொல்லிக் கூப்பிடுவாரா, இப்படிப் பட்டவை. சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால், 'சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்' என்று பொதுவாக முடிக்காமல், சொன்ன வார்த்தையை அப்படியே, எங்கே நின்று சொன்னார், கேட்டவர்கள் யார் என்பதோடு எழுத வேண்டும். வார்த்தையை எழுதவே கூச்சமாக இருக்கும். அதனால்தான் பல மனுக்களில் அது 'தகாத வார்த்தை' ஆகிவிடுகிறது. தகாத வார்த்தை என்றால் எந்த வார்த்தை என்று கோர்ட்டுக்குத் தெரியாது. முன்பகை, தண்ணீர், பணம் என்று வேறு காரணமும் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதலாம். 'தெரிந்தே' என்ற புதிய தொடருக்கு அது இடைஞ்சல் இல்லை.

ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொல்லி ரைட்டர் எழுதினால் என்ன எழுதினார் என்று எப்படித் தெரியும்? அதற்கும் 2015 திருத்தம் ஒரு வழி வைத்திருக்கிறது. 4-வது பிரிவின்படி, வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி முடித்ததும், கையெழுத்து வாங்கும் முன் அதைப் புகார் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டுவது அதிகாரியின் கடமை. பதிவு செய்ததன் நகலையும் உடனே கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை. அவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது, மற்றவர்கள் மீதும் நிர்வாக விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் வழக்கு. வாசிக்கும்போது 'ஒரே காரணத்துக்காக' என்று காதில் விழுந்தால், "சார், அந்த 'ஒரே'வை எடுத்துடுங்க" என்று அங்கேயே சொல்லலாம். கையெழுத்துப் போட்ட பிறகு சொல்வது கஷ்டம்.